பாய்ப்படகின் இறங்குபடிகள்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குதல்

பாய்ப்படகின் காக்பிட்டிலிருந்து (படகைச் செலுத்துபவர் அமரும் திறந்த பள்ளம்) உள்ளறைக்கு இறங்கும் மரப்படிகளைப் பராமரிப்புக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. பாய், கயிறு, பாய்மரம், எஞ்சின் என்று கவலைப்பட எத்தனையோ இருக்கும்போது, நான்கு பலகை கொண்ட இந்தச் சிறிய ஏணி யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. ஆனால் கடலோட்டத்தின்போது ஒருவர் தம் முழு எடையையும் கையில் ஒரு தேநீர்க் குவளையோடோ வரைபடத்தோடோ, ஈரக்காலுடன், அசையும் ஒரு பொருளின்மீது நம்பி வைக்கும் இடம் அதுதான். படகில் நடக்கும் விழுகைகளில் நான் கண்டவை பெரும்பாலும் மேல்தளத்தில் நடந்தவை அல்ல. இந்தப் படிகளில் நடந்தவை.

இங்கே சொல்லப்படுபவை 30 முதல் 40 அடி வரை நீளமுள்ள கண்ணாடியிழைப் படகுகளில் சாதாரணமாகக் காணப்படும் அமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிமிர்ந்து நிற்கும் இரண்டு பக்கப்பலகைகள், அவற்றில் காடி வெட்டி நுழைத்த மூன்று அல்லது நான்கு மிதிபலகைகள், மேல்முனையில் இரண்டு கொக்கிகள், கீழ்முனையில் உள்ளறைத் தரை ஆகியவையே அந்த அமைப்பு. ஏணிக்குப் பின்னால் எஞ்சின் இருப்பதால் முழு ஏணியும் கழற்றக்கூடியதாக இருக்கும். மரம் தேக்காக இருக்கலாம், அல்லது தேக்குத் தோல் ஒட்டிய பிளைவுட்டாக இருக்கலாம். இது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மிதிபலகையின் முனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் தெரிகின்றனவா, அடுக்கடுக்கான கோடுகள் தெரிகின்றனவா என்பதிலேயே விடை கிடைத்துவிடும்.

பழுது தேடத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். படிகளை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, காலை நனைத்துக்கொண்டு, யோசிக்காமல் வழக்கம்போல் இறங்குங்கள். கீழே நின்று திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு மிதிபலகையிலும் ஈரத்தடம் பதிந்திருக்கும். ஏணியைப் பார்த்தபடி இறங்குபவரின் தடத்தில் விரல்களும் முன்பாதமும் மட்டுமே இருக்கும். குதிகால் வெளியே தொங்கியிருக்கும். முன்னோக்கி இறங்குபவரின் தடத்திலோ குதிகால் பலகையின் உட்பக்கத்தில் விழுந்து, முன்பாதம் விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும். இதே சோதனையைப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்போது மீண்டும் செய்தால், தடம் பலகையின் நடுவை விட்டு ஓரத்துக்குப் போயிருப்பதையும், சில சமயம் பக்கப்பலகையின் உட்புறத்திலேயே பாதி பதிந்திருப்பதையும் காணலாம். கீழே வரும் எல்லாத் திருத்தங்களும் அந்தத் தடம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தவை. கரையில் கட்டி நிற்கும் படகில் நின்றுகொண்டு படிகளைப் பற்றி முடிவெடுப்பது பெரும்பாலும் தவறாகிவிடுகிறது.

ஈரக்கால் பட்டால் வழுக்குகிறது

மேற்பூச்சு வழுக்குகிறதா, மேற்பூச்சின்மீது படிந்தது வழுக்குகிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஒரு மிதிபலகையின் ஒரு பாதியை மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவி, இரு பாதிகளையும் நனைத்துக் காலால் உரசிப் பாருங்கள். கழுவிய பாதி பிடிப்பாக இருந்தால் பிரச்சினை அழுக்குதான். கீழே இருக்கும் எஞ்சினிலிருந்து எழும் டீசல் ஆவி மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிவதுண்டு. வெயிலுக்குப் பூசும் களிம்பு காலோடு வந்து சேர்வதுண்டு. பளபளப்புக்காக யாரோ மரச்சாமான் மெழுகு தேய்த்திருப்பதும் உண்டு. சிலிக்கோன் கலந்த மெருகூட்டிகளைப் படிகளின் பக்கமே கொண்டுவரக் கூடாது. அவை இன்று வழுக்கவும் செய்யும். நாளை வார்னிஷ் பூசும்போது பூச்சு பரவாமல் அங்கங்கே குழிவிழவும் செய்யும்.

கழுவிய பிறகும் வழுக்கினால் குற்றவாளி வார்னிஷ்தான். பளபளவென்று எட்டுப் பூச்சு ஏறிய தேக்கு பார்க்க அழகு; நனைந்தால் கண்ணாடி. எனக்கு இது புத்தியில் உறைத்தது மலாக்கா நீரிணையில், விடியலுக்கு முன் மேற்கிலிருந்து பாய்ந்து வரும் ‘சுமாத்திரா’ சூறை ஒன்றில். மழையோடு காற்றும் ஒன்றாக இறங்க, இறங்குவழியின் மேல்மூடியான ஹேட்சை மூடுவதற்காக அவசரமாக இறங்கினேன். இரண்டாம் படியில் வைத்த கால் அங்கே நிற்கவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்றாம் படியின் விளிம்பில் மோதியது. அந்தப் படிகளுக்கு இரண்டு மாதம் முன்புதான் நானே ஆசையாக மெருகேற்றியிருந்தேன்.

எளிய தீர்வு, மிதிக்கும் இடத்தில் வார்னிஷை முழுவதுமாக நீக்கிவிடுவது. பக்கப்பலகைகளுக்கும் மிதிபலகைகளின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் இருக்கட்டும்; மேற்பக்கம் மட்டும் வெறுந்தேக்காக இருக்கட்டும். தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெயும் சிலிக்காவும் அதை நீரிலிருந்து காப்பதால், வெறுமனே விட்டாலும் எளிதில் கெடாது. ஆனால் இந்த அறிவுரை வைரம் பாய்ந்த திடத்தேக்குக்கு மட்டுமே பொருந்தும். இளமரத்தின் வெள்ளைப் பகுதிக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. தேக்குத் தோல் ஒட்டிய பிளைவுட்டில் இதைச் செய்யவே கூடாது. அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இராது, உப்புத்தாள் இரண்டு முறை பட்டால் அடியிலுள்ள அடுக்கு தெரிந்துவிடும். (நம் தேக்கு என்ற சொல்லே மலையாளத்திலும் வழங்கி, அங்கிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், இன்று உலகப் படகுக்காரர்கள் எல்லார் வாயிலும் இந்த மரத்தின் பெயராக நிலைத்திருக்கிறது.)

பிளைவுட் படிகளுக்கும், வார்னிஷின் அழகை விட மனமில்லாதவர்களுக்கும் சொரசொரப்பைச் சேர்ப்பதே வழி. அலுமினியம் ஆக்சைடு துகளை வார்னிஷில் கலந்து பூசுவதைவிட, ஈரப் பூச்சின்மீது மேலிருந்து தூவுவது நல்லது. கலந்தால் துகள் டப்பாவின் அடியில் தங்கிப் பூச்சு திட்டுத்திட்டாக வரும். மிதிபலகையின் நான்கு ஓரங்களிலும் 15 மி.மீ. அகலத்துக்கு மறைப்பு நாடா ஒட்டி, நடுப்பகுதிக்கு வார்னிஷ் பூசி, உப்புத்தூள் தூவுவதுபோல் உயரத்திலிருந்து சீராகத் தூவி, காய்ந்தபின் ஒட்டாத துகளைத் துடைத்தெடுத்து, மேலே ஒரு பூச்சு கொடுத்தால் போதும். துகள் மிகப் பெரிதாக இருந்தால் வெறுங்காலையும் மழைக்கோட்டின் முழங்காலையும் அது கிழிக்கும். 80 எண் அளவே எனக்கு ஒத்துவருகிறது. துகள் பிடிக்காதவர்களுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. எண்ணெய் வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது சாதாரணச் சர்க்கரையைத் தூவிவிட்டு, பூச்சு இறுகியபின் வெந்நீரால் கழுவினால் சர்க்கரை கரைந்துபோய், அது இருந்த இடமெல்லாம் நுண்குழிகளாக நின்று காலைப் பிடித்துக்கொள்ளும். இது வெறுங்காலுக்கு இதமானது. ஆனால் ஒவ்வொரு மறுபூச்சின்போதும் திரும்பச் செய்யவேண்டியது.

கறுப்பு நிறச் சொரசொரப்பு நாடாவை ஒட்டுபவர்கள் இரண்டு செயல்களைத் தவறாமல் செய்ய வேண்டும். நாடாவின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள்; கூர்மூலைதான் முதலில் உரியும். பிறகு, ஈரத்தடச் சோதனை காட்டிய இடத்தில் ஒட்டுங்கள். ஏணியைப் பார்த்தபடி இறங்கும் வீட்டில், மன்னிக்கவும், படகில், முன்விளிம்பை ஒட்டிய 50 மி.மீ. பட்டைதான் உண்மையில் வேலை செய்கிறது. சுவரோரம் ஒட்டிய நாடா அலங்காரம்தான்.

படகு சாய்ந்து ஓடும்போது கால் ஓரத்துக்குச் சறுக்குகிறது

பிடிப்பான படியிலும் இது நேரும், ஏனெனில் இது உராய்வின் குறை அல்ல, வடிவத்தின் குறை. காற்றை எதிர்த்து ஓடும் படகு 20 பாகை சாய்வது மிகச் சாதாரணம். அப்போது 500 மி.மீ. அகலமுள்ள மிதிபலகையின் ஒரு முனை மற்ற முனையைவிட ஏறக்குறைய 170 மி.மீ. உயர்ந்து நிற்கிறது. அதாவது, ஒரு முழுப் படியின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான சரிவில் நாம் காலை வைக்கிறோம். கணுக்கால் அந்தக் கோணத்துக்கு வளைந்து கொடுக்காதபோது கால் தானாகவே பலகை தாழ்ந்திருக்கும் மூலைக்குப் போய், பக்கப்பலகையில் முட்டி நிற்கிறது.

நல்ல படகு தச்சர்கள் மிதிபலகையின் இரு முனைகளையும் மேல்நோக்கி வளைத்து அமைப்பது இதனால்தான். சாயும் போது, தாழ்ந்த பக்கத்து வளைவு கிடைமட்டத்துக்கு வந்து காலுக்குத் தட்டையான இடம் தருகிறது. ஏற்கெனவே உள்ள தட்டைப் பலகையில் இதைச் செய்ய, இரு முனைகளிலும் ஆப்பு வடிவத் தேக்குத் துண்டுகளைப் பொருத்தினால் போதும். 90 மி.மீ. நீள ஆப்புக்கு, வெளிமுனையில் 24 மி.மீ. உயரம் கொடுத்தால் 15 பாகையும், 33 மி.மீ. கொடுத்தால் 20 பாகையும் கிடைக்கும். நான் 15 பாகையையே பரிந்துரைப்பேன். படகு 20 பாகை சாயும்போது மிஞ்சும் 5 பாகையைக் கால் பொருட்படுத்துவதில்லை. துறைமுகத்தில் நிமிர்ந்து நிற்கும்போதோ, உயரம் குறைந்த ஆப்பு தடுக்குவதில்லை. இரு ஆப்புகளுக்கும் நடுவில் இரண்டு பாதங்களும் அருகருகே நிற்க 300 மி.மீ. தட்டையாக எஞ்ச வேண்டும். படி அவ்வளவு அகலமில்லை என்றால் ஆப்பின் நீளத்தைக் குறையுங்கள், நடுவைக் குறைக்காதீர்கள்.

உடனே ஒட்டிவிட வேண்டாம். கழிவு மரத்தில் ஆப்பு செய்து, இருபக்கம் ஒட்டும் நாடாவால் நிறுத்தி, ஒரு வார இறுதி ஓடிப் பாருங்கள். பிடித்துப்போனால் தேக்கில் செய்யுங்கள். ஆப்பின் மர ரேகை மிதிபலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். குறுக்காக வைத்தால் இரண்டும் வெவ்வேறு விதமாகச் சுருங்கி விரிந்து ஒட்டை அறுத்துவிடும். ஆப்பின் உள்முனையைக் கத்திமுனைபோல் மெலிதாக்கினால் ஒரே பருவத்தில் சிம்பு சிம்பாக உடையும். 3 மி.மீ. கனத்தை விட்டு, மிதிபலகையில் அதே ஆழத்துக்குக் காடி எடுத்து அதில் உட்கார வையுங்கள்.

ஒட்டும் வேலையில் தேக்கு சற்றுப் பிடிவாதமான மரம். அதன் எண்ணெய் மேற்பரப்புக்கு வந்து பசையைத் தள்ளிவிடும். 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சள் கறை வருவது நிற்கும்வரை புதிய துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். அசிட்டோன் ஆவியானதும், எண்ணெய் மீண்டும் ஊறிவர இடம்கொடாமல், அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே எபாக்சியை (கடினமாக்கி கலந்து இறுகவைக்கும் பிசின் பசை) பூசுங்கள். இறுக்கியை மிகப் பலமாக முறுக்கினால் எபாக்சி முழுவதும் பிதுங்கி வெளியேறி, இணைப்பு பட்டினி கிடக்கும். ஓரமெங்கும் மணிமணியாகக் கசிந்தால் போதுமான அழுத்தம். வெப்ப நாடுகளில் வேலை செய்பவர்கள் மெதுவான கடினமாக்கியை வாங்கி, கலவையை ஆழமான கோப்பையில் வைத்திராமல் தட்டையான தட்டில் பரப்பிவைக்க வேண்டும். கோப்பையில் குவிந்து கிடக்கும் எபாக்சி தன் சூட்டிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும்.

காலுக்கு இவ்வளவும் செய்துவிட்டுக் கையை மறந்துவிடக் கூடாது. இறங்குவழியின் இரு பக்கமும், மேற்படியில் நிற்பவருக்கும் கடைசிப் படியில் நிற்பவருக்கும் எட்டும்படி, ஒரு நீளமான கைப்பிடி வேண்டும். அது திருகால் அல்ல, மறுபக்கம் வரை ஊடுருவிய போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மிதித்தால் கிரீச்சிடுகிறது, ஆடுகிறது

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். கண்ணாலும் விரலாலும் கண்டுபிடிக்கலாம். ஏணியைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்குங்கள். ஏணியே நெளிந்தால் குறை மிதிபலகை இணைப்புகளில் இருக்கிறது. கல்போல் நின்றால் குறை கொக்கிகளிலோ, அவை பதிந்திருக்கும் சுவரிலோ இருக்கிறது. இணைப்புதான் என்றால், எந்த இணைப்பு என்பதற்கு ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இன்னொருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். உடையும் கோடுதான் உங்களுக்கு வேண்டியது.

காடிக்குள் இறுக்கமாக நுழைத்த பலகை தளர்ந்துபோவதற்குக் காரணம் தச்சரின் கவனக்குறைவு அல்ல. மரம் ரேகைக்குக் குறுக்காகச் சுருங்கி விரியும். ரேகையின் நீளத்தில் ஏறத்தாழ மாறாது. மிதிபலகையின் கனம் ரேகைக்குக் குறுக்கானது. அதை ஏந்தும் காடியின் அகலமோ பக்கப்பலகையின் ரேகை நீளத்தில் அமைந்தது. மழைக்காலத்தில் மிதிபலகை உப்பும், காடி இடம் கொடாது. அகப்பட்ட நார்கள் நசுங்கிவிடும். வெயில் காலத்தில் பலகை சுருங்கும்போது, நசுங்கிய அளவும் சேர்ந்து இடைவெளியாகிறது. அடுத்த மழையில் அந்த இடைவெளிக்குள் நீர் நேராகப் புகுகிறது. ஒவ்வொரு ஆண்டும் சற்றே கூடுதலாக ஆடுவதன் கதை இதுதான்.

இத்தகைய இணைப்பில் மேலிருந்து பசையை ஒழுகவிட்டுப் பயனில்லை. பழைய பசையின்மீதும் அழுக்கின்மீதும் அது ஒட்டாது. ஏணியைப் பிரித்தெடுத்து, காடியைக் கூரான உளியால் சுரண்டி, ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு, அசிட்டோனால் துடைத்து, முதலில் வெறும் எபாக்சியும் பிறகு சிலிக்காத் தூள் கலந்து தயிர்ப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சியும் இட்டுச் சேர்க்க வேண்டும். அத்தோடு நிற்காமல், மேல் மிதிபலகைக்கும் கீழ் மிதிபலகைக்கும் நேர் அடியில், ஒரு பக்கப்பலகையிலிருந்து மறு பக்கப்பலகை வரை 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் செலுத்தி, இரு முனையிலும் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினால், ஏணி தன்னைத்தானே அணைத்துக்கொண்டு நிற்கும். எனக்குத் தெரிந்த வரையில் ஆடும் ஏணிக்கு இதைவிடச் சிறந்த ஒற்றை மருந்து கிடையாது.

காடியே இல்லாமல், பக்கப்பலகை வழியாகத் திருகு மட்டும் ஏற்றிய மலிவான ஏணிகளும் உண்டு. அங்கே திருகு மிதிபலகையின் முனையில், ரேகையின் போக்கிலேயே ஏறுகிறது. அது கீரைக்கட்டுக்குள் ஊசி ஏற்றியதுபோல, பிடிமானம் மிகக் குறைவு. மிதிபலகையின் அடிப்பக்கத்திலிருந்து, முனைக்கு 30 மி.மீ. உள்ளே, 12 மி.மீ. துளையிட்டு, அதில் கடின மரத்தாலான உருண்டைக் குச்சியை எபாக்சியோடு அடித்து இறக்குங்கள். துளை மேற்பக்கம் வரை போக வேண்டாம். இப்போது அதே திருகு, சற்று நீளமானதாக, அந்தக் குச்சியின் குறுக்கு நாரில் கடிக்கும்.

சுவரில் உள்ள கொக்கியின் திருகுத் துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியைச் செருகி முறுக்கும் பழக்கம் வீட்டுக் கதவுக்குச் சரி. நிற்பவரின் எடை 80 கிலோ என்றாலும், படகு அலையிலிருந்து விழும் கணத்தில் அது இரு மடங்குக்கு மேல் போகும். மறுபக்கம் கை போகுமானால் போல்ட்டும் பின்தகடும் வையுங்கள். போகாவிட்டால், துளையை இரு மடங்கு பெரிதாக்கி, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் புதிதாகத் துளையிட்டுத் திருகுங்கள்.

ஏணி கொக்கியை விட்டு எழும்புகிறது

இந்த அறிகுறி பலருக்குத் தெரியவே தெரியாது, ஏனெனில் யாரும் தேடுவதில்லை. கீழே நின்று, இரு கைகளாலும் ஏணியை முழுப் பலத்துடன் மேல்நோக்கித் தூக்குங்கள். எழும்பி வந்தால், உங்கள் ஏணியைப் பிடித்து வைத்திருப்பது புவியீர்ப்பு மட்டுமே. படகு கிடையாகச் சாயும்போது அந்தப் பிடி போய்விடுகிறது. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டு, ஐரியக் கடலுக்குத் தெற்கே புயலில் சிக்கின. பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தனர். பல படகுகள் கிடையாகச் சாய்ந்தன. சில முழுவதும் கவிழ்ந்து மீண்டும் நிமிர்ந்தன. இறங்குவழியை அடைக்கும் பலகைகள் கழன்று போனதும், உள்ளே கட்டப்படாதவை பறந்ததும் அப்போது கிடைத்த கசப்பான பாடங்களில் சேரும். இன்று உலகப் பாய்ப்படகு அமைப்பின் ஆழ்கடல் பந்தய விதிகள், அந்த அடைப்புப் பலகைகள் கயிற்றால் படகோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், ஹேட்சை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும், படகு தலைகீழாக இருக்கும்போதுகூட, இயக்க முடிய வேண்டும் என்றும் கேட்கின்றன. அடைப்புப் பலகைக்கு இவ்வளவு அக்கறை காட்டிவிட்டு, அதைவிடப் பல மடங்கு கனமான ஏணியைச் சும்மா மாட்டிவைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கீழ்முனையில் இரு பக்கமும் ஒவ்வொரு தாழ்ப்பாள் போதும். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு தேவையையும் நினைவில் கொள்ள வேண்டும். எஞ்சினில் புகை கிளம்பினாலும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க் குழாய் கழன்று படகுக்குள் நீர் ஏறினாலும், இந்த ஏணியைத்தான் முதலில் அகற்றவேண்டியிருக்கும். ஆகவே தாழ்ப்பாள் கருவி இல்லாமல், இருட்டில், ஒரு கையால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இறக்கை நட்டு முறுக்குவது தாமதம். கீழ்நோக்கி அல்லாமல் பக்கவாட்டில் தள்ளும் தாழ்ப்பாள் நல்லது, தலைகீழானாலும் தானாக வழுவாது. ஏணியின் பின்பலகையில் தீயணைப்பானின் மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு துளையிட்டு அதைச் சுழல்மூடியால் மூடிவைத்தால், தீயின்போது ஏணியைத் திறந்து நெருப்புக்குக் காற்று கொடுக்காமலேயே அணைக்கலாம்.

திருகைச் சுற்றிக் கறுப்பு, வார்னிஷ் உரிகிறது

கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இந்தக் கறுப்பின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மரத்திலுள்ள டானினும் திருகிலிருந்து கசியும் இரும்பும் நீரில் சந்தித்தால் பிறப்பது அதே மை. கறை வந்திருக்கிறது என்றால், ஒன்று அங்கே சாதாரண இரும்புத் திருகு இருக்கிறது, அல்லது நல்ல திருகே அரிக்கப்படுகிறது. கறையைப் போக்குமுன் திருகைக் கழற்றிப் பாருங்கள். ஒருமுறை நான் வெளியே எடுத்த துருப்பிடிக்காத எஃகுத் திருகின் தலை புத்தம் புதிதாக மின்னியது. அதன் கழுத்தோ எலி கடித்ததுபோல் பாதியாக மெலிந்து, பழுப்புத் தூள் ஒட்டி, விரலால் அழுத்தியதும் ஒடிந்தது. துருப்பிடிக்காத எஃகு தன் பாதுகாப்புப் படலத்தை உயிர்வளியால்தான் புதுப்பித்துக்கொள்கிறது. உப்புநீர் ஊறிய மரத்துக்குள் அது கிடைக்காததால் உலோகம் உள்ளேயே கரைகிறது. தலையின் பளபளப்பை நம்பி ஒரு படியில் நிற்கக் கூடாது. மாற்றும்போது 316 தர எஃகோ சிலிக்கான் வெண்கலமோ வாங்கி, துளைக்குள் சீலன்ட் இட்டு ஏற்றுங்கள்.

கறைக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் போதும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து பூசி, கறை வெளுத்ததும் நிறைய நீரால் கழுவ வேண்டும். காய்ந்தபின் வெண்தூள் எஞ்சினால் அதை உலரத் தேய்க்காமல் மீண்டும் கழுவுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வார்னிஷ் உரியும் இடத்தின்மேல் இன்னொரு பூச்சு பூசுவது வீண். சூடான காற்றுத் துப்பாக்கியும் கூரான சுரண்டியும் கொண்டு மரம் வரை இறங்கி, 120, 180, 220 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்து, முதல் பூச்சை வார்னிஷ் தின்னரால் பாதிக்குப் பாதி நீர்த்தும், இரண்டாவதைக் கால் பங்கு நீர்த்தும், பிறகு முழுதாகவும் ஆறு முதல் எட்டுப் பூச்சு கொடுப்பதே நிலைக்கும். மாலையில் பூசாதீர்கள், இரவுப் பனி பளபளப்பைப் பால்போல் மங்கச் செய்துவிடும்.

ஏணியின் அடிக்கால் மெத்தென்று இருக்கிறது

பக்கப்பலகையின் கீழ்முனையைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே இறங்குங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று திருப்பிச் சொல்லும். கெட்ட மரம் ஊமையாகிவிடும். ஊமையான இடத்தில் குத்தூசி எளிதாக இறங்கினால் அது அழுகல், பிளைவுட்டானால் அடுக்குப் பிரிவு. மரத்தின் முனைநார் உறிஞ்சுகுழல்களின் கட்டு. தரையில் தேங்கும் சிறிது நீரையும் அது மேலே இழுத்துவிடும்.

அழுகல் முடிந்ததாகத் தெரியும் இடத்துக்கு மேலும் 50 மி.மீ. வெட்டி எறிந்துவிட்டு, சாய்வெட்டு இணைப்பில் புதுத் துண்டை ஒட்டுங்கள். சாய்வு ஒன்றுக்கு எட்டு இருக்க வேண்டும்; 12 மி.மீ. பிளைவுட்டில் வெட்டின் நீளம் 96 மி.மீ. வரும். புதிய பிளைவுட் பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ள கடல்தரமாக இருக்கட்டும். கால்முனைகளில் எபாக்சியை, மரம் குடிப்பது நிற்கும்வரை, மூன்று முறை பூசுங்கள். பிறகு 6 மி.மீ. கனமுள்ள வெள்ளை நைலான் துண்டு ஒன்றை ஒவ்வொரு காலின் அடியிலும் வைத்தால், மரம் இனி நீரில் நிற்காது, தரையையும் சுரண்டாது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தேடுங்கள். ஹேட்சின் தடத்திலிருந்தோ, அடைப்புப் பலகையின் அடிச்சட்டத்திலிருந்தோ கசிந்தால், ஐந்து ஆண்டில் இதே வேலையை மீண்டும் செய்ய நேரும்.

எப்போதும் ஒரே படியில் தடுக்குகிறது

அளவுகோலை எடுத்து ஒவ்வொரு படியின் உயரத்தையும், மேல் வாசலிலிருந்து தரை வரை, எழுதுங்கள். ஒன்று மட்டும் மாறுபட்டிருக்கும்; பெரும்பாலும் முதலாவது அல்லது கடைசி. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் ஒரே படிக்கட்டின் படிகளுக்குள் 9.5 மி.மீ.க்கு மேல் வேறுபாட்டை அனுமதிப்பதில்லை. அசையாத வீட்டுக்கே அவ்வளவு கண்டிப்பு என்றால், படகில் 30 மி.மீ. மாற்றத்தைக் கால் மன்னிக்காது. நடு மிதிபலகைகளைப் பிரித்து நகர்த்துவது பெரிய வேலை. ஆனால் கடைசி இறக்கம் அதிகமாக இருந்தால், தரையில் ஒரு தாழ்ந்த மேடை அமைத்துச் சமன்செய்யலாம், அதற்குள் கருவிகளை வைக்கவும் இடம் கிடைக்கும்.

இரவில் படியின் விளிம்பு தெரிவதில்லை

ஒவ்வொரு மிதிபலகையின் முன்விளிம்பிலும் 8 மி.மீ. அகலக் காடி எடுத்து வெளிர்நிற மரப்பட்டை ஒன்றைப் பதித்தால், பகலிலும் மங்கிய ஒளியிலும் விளிம்பு துலங்கும். இரவுக்கு, மிதிபலகைகளின் அடிப்பக்கத்தில், கண்ணுக்கு நேராகத் தெரியாதபடி, சிவப்பு எல்இடி பட்டையை ஒட்டி, கீழே உள்ள படியின்மீது ஒளி விழச் செய்யுங்கள். இருட்டுக்குப் பழக கண்ணுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. மங்கிய சிவப்பு அந்தப் பழக்கத்தைக் கலைக்காது, வெள்ளை ஒரு நொடியில் கலைத்துவிடும். சுவிட்சை மேலே, காக்பிட்டிலிருந்து உள்ளே கையை விட்டதும் அகப்படும் இடத்தில் வையுங்கள். ஏணியைக் கழற்றும்போது கம்பி அறுந்துவிடாமல் இருக்க, நீர்புகாத இணைப்பான் ஒன்றை மேல்கொக்கிக்கு அருகில் பொருத்தி, இரண்டு கைப்பிடி நீளத்துக்குக் கம்பியைத் தளர்வாக விடுங்கள்.